பெர்முடாவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்க அக்கா மகனுக்குப் பதினாலு வயசு. கிரிக்கெட்டில் தனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்பது அவனுடைய எண்ணம். போன வாரம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில், "ஒரு உலகக் கோப்பையில நாம மூணே மேட்சுல மூட்டையைக் கட்டிட்டு வந்தோம்லே" என்றேன். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சும்மா அடிச்சு விடாதீங்க மாமா. அம்பது ஓவர்லயா?"

அவனுக்குத் தெரிந்த வரலாறு 2011இல் தொடங்குகிறது. அந்த வருசம் கோப்பை. 2015, 2019 இரண்டிலும் அரையிறுதி. 2023இல் அகமதாபாத் இறுதி ஆட்டம், அவன் அழுதுகொண்டே தூங்கிப்போன ராத்திரி. இந்தியா அரையிறுதிக்குப் போவது என்பது அவன் கணக்கில் இடவப்பாதிக்கு மழை வருகிற மாதிரி. கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், வராமல் இருக்காது.

நான் பதில் சொல்லும் முன்னால் எங்கம்மை அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஆமாலே, அந்த வருசம் உம் மாமன் ரெண்டு நாளு சோறு திங்கல்ல."

ஒரு நாள்தான். அம்மை எப்போதும் கூட்டித்தான் சொல்லுவாள்.

அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். அவனிடம் சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டையும் சேர்த்து.

2007 மார்ச். எனக்கு அப்போது 23 வயசு. படிப்பு முடிந்து, வேலை தேடிக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். பழையாற்றுக்கு இந்தக் கரையில், சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கும்பப்பூ அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாள் நின்ற நேரம். எங்கள் ஊரில் கிரிக்கெட் சீசன் என்பதே அதுதான். அறுத்த வயலில் தாளைச் செதுக்கி, நடுவில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி மிதித்து இறுக்கினால் பிட்ச். பந்து ஆற்றுக்குள் போனால் அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும், அவன் அவுட் என்றும் கணக்கு. சிக்ஸ் அடித்தால் அவுட் ஆகிற சட்டம் வேறெங்கேயாவது உண்டா தெரியாது. எங்கள் ஊரில் கட்டுமஸ்தான பயல்கள்கூட தரையோடு தேய்த்தே ஆடியதற்கு அதுதான் காரணம்.

மேட்ச் பார்க்கிற இடம் ஊர்ப் படிப்பகம். மூலையில் ஒரு டிவி, அதன் மேல் பழைய தினத்தந்தி கட்டு. அரசாங்கத்து இலவசக் கலர் டிவி அப்போதுதான் ஒவ்வோர் ஊராக வரத் தொடங்கியிருந்தது, எங்கள் ஊருக்கு முறை வந்திருக்கவில்லை. அதனால் படிப்பகத்தில் எப்போதும் கூட்டம். முன்வரிசை நாற்காலி வாத்தியார் மாமாவுக்கு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எனக்கு உறவில் ஒன்றும் இல்லை, ஊருக்கே மாமா. 1988 சனவரியில் திருவனந்தபுரம் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் இந்தியாவும் வெஸ்ட் இண்டீசும் ஆடியதை நேரில் போய்ப் பார்த்தவர். அந்த ஒரு பயணத்தை வைத்தே இருபது வருசம் எங்களுக்குக் கிரிக்கெட் பாடம் எடுத்தார். அன்றைக்கு ஸ்ரீகாந்த் 101 அடித்தார். அப்படியும் வெஸ்ட் இண்டீஸ் 9 விக்கெட்டில் ஜெயித்தது. "நம்ம ஆளு நூறு அடிச்சான், திரும்பி வரும்போ பஸ்ஸுல ஒருத்தனும் வாயத் திறக்கல்ல" என்று மாமா சொல்லும்போது, 1988இல் அந்த பஸ்ஸில் நாங்களும் இருந்த மாதிரி இருக்கும்.

முக்கில் அண்ணாச்சியின் சாயாக்கடை. அண்ணாச்சிக்குக் கிரிக்கெட் ஆகாது. அவருக்குப் பிடித்த விளையாட்டு வாத்தியார் மாமாவைச் சீண்டுவது. உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தின வாரம், ரசவடையை எண்ணெயிலிருந்து கோரிக்கொண்டே, "இந்த வாட்டி உம்ம ஆளுக செமிக்கே போவமாட்டானுவ, பாத்துக்கிடும்" என்றார். அவருக்கு அதில் ஒரு தகவலும் கிடையாது. சும்மா சொன்னது. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பந்தயம் வே?" ஒரு குலை மட்டிப்பழம் என்று முடிவாயிற்று.

மாமா பந்தயம் கட்டியதில் தப்பும் இல்லை. சனவரியில் வெஸ்ட் இண்டீசை 3-1, பிப்ரவரியில் இலங்கையை 2-1 என்று இங்கே வைத்து ஜெயித்துவிட்டுத்தான் டீம் விமானம் ஏறியது. டிராவிட் கேப்டன். சச்சின், கங்குலி, சேவாக், யுவராஜ், தோனி. பந்து வீச ஜாகீர், கும்ப்ளே, ஹர்பஜன். நம்ம தினேஷ் கார்த்திக்கும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்ரீசாந்தும் பதினைந்து பேரில் உண்டு. (இரண்டு பேரையும் கடைசி வரை இறக்கவில்லை. அது தனிச் சண்டை.) இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே போதும், பந்து வீசாமலே ஜெயித்துவிடலாம் என்று நினைத்தோம். ஏப்ரல் 15ஆம் தேதி பார்படாசில் இந்தியா பாகிஸ்தான் மோதும் என்று அட்டவணையைப் பார்த்து எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கணக்கு வாத்தியாரும்தான். அதற்கு முன்னால் வங்கதேசம், பெர்முடா என்று இரண்டு பெயர்கள் இருந்தன. அவற்றைச் சுசீந்திரம் போகிற வழியில் வருகிற ஸ்டாப் மாதிரித்தான் பார்த்தோம்.

வங்கதேசம் பயிற்சி ஆட்டத்தில் நியூசிலாந்தைத் தோற்கடித்திருந்தது. பேப்பரில் ஒரு ஓரத்தில் வந்திருக்கும். யாரும் வாசித்த மாதிரி இல்லை.

மார்ச் 17, சனிக்கிழமை. டிரினிடாடில் காலை ஒன்பதரை என்றால் நமக்கு ராத்திரி ஏழு மணி. மணக்குடியிலிருந்து என் கூட்டுக்காரன் வந்திருந்தான். எங்கள் ஊரைத் தொட்டு ஓடுகிற பழையாறு கடலில் சேருகிற இடம் மணக்குடி. அங்கே பயல்களுக்குக் கால்பந்துதான் உயிர். இவன் மட்டும் என்னோடு காலேஜில் சேர்ந்து கெட்டுப்போனவன். அப்பாவோடு வள்ளத்தில் போவான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் சனிக்கிழமை ராத்திரி அவனுக்கு விடுமுறை. பையில் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு, எங்கம்மைக்கு.

டிராவிட் டாஸ் ஜெயித்து பேட்டிங் என்றார். படிப்பகத்தில் விசில். அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததை விவரமாக எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. சேவாக் 2, உத்தப்பா 9, சச்சின் 7, டிராவிட் 14. நாலு விக்கெட் போனபோது 72. மஷ்ரஃபே மொர்தாசா என்று ஒருத்தன், முழங்காலில் ஏகப்பட்ட அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆள், ஓடிவந்து போடும்போதெல்லாம் ஏதோ நடந்தது. கங்குலியும் யுவராஜும் கொஞ்சம் பிடித்து நிறுத்தினார்கள், 157 வரைக்கும். இனி அடிப்பானுவ என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் ஒன்பது விக்கெட்டுக்கு 159. இரண்டு ரன்னுக்குள் ஐந்து பேர். யுவராஜ், கங்குலி, அப்புறம் தோனி முட்டை, ஹர்பஜன் முட்டை, அகர்கர் முட்டை. கடைசியில் ஜாகீரும் முனாஃப் படேலும் ஆளுக்கு 15 அடித்து 191 ஆக்கினார்கள். பந்து வீசுகிறவர்கள் இரண்டு பேர் நின்று அடித்ததைப் பார்த்து ஒரு பயல், "அப்போ பிட்சுல ஒண்ணும் இல்ல" என்றான். அந்த ராத்திரியில் சொல்லப்பட்ட ஒரே உண்மை.

அவர்கள் ஆட இறங்கியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தமீம் இக்பாலுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது. ஜாகீர் போட்ட ஒரு பந்து அவன் கழுத்துப் பக்கம் பட்டது. "இனி ஒதுங்குவான்" என்றார் மாமா. அவன் ஒதுங்கவில்லை. இறங்கி வந்து ஜாகீரைத் தூக்கி கேலரிக்குள் போட்டான். எங்கள் வயலில் என்றால் அவுட். அங்கே ஆறு ரன். அவன் 51 அடித்துப் போனதும், முஷ்ஃபிகுர் ரஹீமும் ஷகிப் அல் ஹசனும் வந்து நின்றார்கள். மூன்று பேரில் ஒருத்தனுக்கும் இருபது வயசு ஆகவில்லை.

ஒரு மணி இருக்கும். கூட்டம் பாதி கலைந்துவிட்டது. நிலக்கடலைத் தோடு தரையெல்லாம். யாரோ, "இந்தச் சின்னப் பயலுவகிட்டயா தோக்கணும், கேவலம்" என்றான். கூட்டுக்காரன் டிவியைப் பார்த்தபடியே சொன்னான்:

"இவனுவ நம்மள முன்னயே ஒருக்க அடிச்சிருக்கானுவ."

"எப்போலே? நாங் கேள்விப்படல்லியே" என்றார் மாமா. அவருக்குத் தெரியாத ஸ்கோர் இருப்பது அவருக்குப் பிடிக்காது.

"சுனாமி அன்னைக்கி."

2004 டிசம்பர் 26. காலையில் கடல் ஏறி வந்து மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போன நாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கள் மாவட்டத்துக் கரையில் மட்டும் சுமார் 800 பேர். அன்றைக்கு டாக்காவில் இந்தியா வங்கதேசத்தோடு ஒரு நாள் ஆட்டம் ஆடி 15 ரன்னில் தோற்றிருக்கிறது. ஆட்ட நாயகன் இதே மஷ்ரஃபே மொர்தாசா. வேறு எந்த நாளாக இருந்தாலும் தலைப்புச் செய்தி. அன்றைக்கு இந்தப் பக்கத்தில் யாரும் டிவி பார்க்கவில்லை. பார்த்தவர்களும் ஸ்கோர் பார்க்கவில்லை.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்களாம். சோற்றுப் பொட்டலம் சுற்றி வந்த பேப்பரில் விளையாட்டுப் பக்கம். இரண்டு மூன்று நாள் பழசு. "வாசிக்க வேற ஒண்ணும் இல்ல. அதனால அதையே வாசிச்சுட்டு இருந்தேன். அந்தப் பேரு மனசுல நின்னுட்டு" என்றான். அவன் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ஆனது. அதைப் பற்றி அவன் என்னிடம் அதற்கு முன்னாலும் பேசியதில்லை, அதற்கப்புறமும் அதிகம் பேசியதில்லை. மாமா எழுந்து போய் ஃபிளாஸ்கில் இருந்த கட்டனை ஊற்றிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்தார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

மஷ்ரஃபே சங்கதி ஒன்று பின்னால் தெரிய வந்தது. இந்தியாவோடு ஆடுவதற்கு முந்தின நாள்தான் அவருடைய நெருங்கிய சிநேகிதன் மஞ்சுருல் இஸ்லாம் ராணா, அதே டீமில் ஆடிய பையன், குல்னா பக்கத்தில் பைக் விபத்தில் செத்துப்போனார். 22 வயசு. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து போட்ட பந்துகள்தான் நாங்கள் பார்த்தவை. 38 ரன் கொடுத்து 4 விக்கெட். நாங்கள் அன்றைக்கு அவரைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ராத்திரி இரண்டே முக்கால் வாக்கில் ஷகிப் 53, முஷ்ஃபிகுர் அவுட் ஆகாமல் 56 என்று கதை முடிந்தது. 5 விக்கெட்டில் தோல்வி. அதே நாளில் ஜமைக்காவில் பாகிஸ்தான் அயர்லாந்திடம் தோற்றது. மறுநாள் காலையில் அதுதான் எங்களுக்கு ஆறுதல், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சோறு குழைந்துவிட்டதே என்கிற ஆறுதல். அதுவும் ராத்திரி வரைக்கும்தான். பாகிஸ்தான் கோச் பாப் உல்மர் ஓட்டல் அறையில் நினைவில்லாமல் கிடந்தார், ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. கான்பூரில் பிறந்த மனிதர். அதற்கப்புறம் பாகிஸ்தானைக் கிண்டல் பண்ண யாருக்கும் வாய் வரவில்லை.

வடக்கே உருவப்பொம்மை எரித்தார்கள். ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டில் போய்க் கல்லை எறிந்து சுவரை உடைத்தார்கள். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் இல்லை. இரண்டு நாள் வயலில் யாரும் ஆடவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பெர்முடாவை 413 அடித்தோம். உலகக் கோப்பையில் 400ஐத் தாண்டிய முதல் டீம் நாம்தான், 257 ரன் வித்தியாசத்தில் வெற்றி. சேவாக் 114. ஆனால் அந்த மேட்சில் எனக்கு ஞாபகம் இருப்பது டுவெய்ன் லெவராக். 120 கிலோவுக்கு மேல் எடை, ஊரில் கைதிகளை ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறவர். உத்தப்பாவின் மட்டையில் பட்டு வந்த பந்தை வலப்பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றி ஓடி, எல்லோருக்கும் முத்தம் கொடுத்தார். படிப்பகமே கைதட்டியது. நாம்தான் அவுட், கைதட்டியதும் நாம்தான். இந்த மனிதரை இன்னும் ஆறே நாளில் நாங்கள் கும்பிடப்போகிறோம் என்று அப்போது தெரியாது.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை இலங்கை. ஜெயித்தே ஆக வேண்டும். தவக்காலம் ஆகையால் கூட்டுக்காரன் கோயிலில் சிலுவைப்பாதை முடித்து, பஸ் பிடித்து வந்து சேர எட்டு மணி ஆயிற்று. கருவாடும் இல்லாமல் வெறும் கையோடு வந்தான். "பதினாலு ஸ்தலமும் முடிச்சாச்சு. இது பதினஞ்சாவது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். சிரித்தோம்.

இலங்கை 254. எட்டாத ஸ்கோர் இல்லை. சச்சினை தில்ஹாரா ஃபெர்னாண்டோ போல்டு ஆக்கினார், முட்டை. தோனி வந்தார், முதல் பந்து, முரளிதரன், எல்பிடபிள்யூ. டிராவிட் மட்டும் ஒரு பக்கம் நின்று 60 அடித்தார். 185க்கு ஆல் அவுட், 69 ரன்னில் தோல்வி. முரளிக்கு 3 விக்கெட். கண்டித் தமிழர், நம்ம ஊர் மாப்பிள்ளை வேறு. அவர் விக்கெட் எடுத்தால் சந்தோசப்படுவதா வயிறெரிவதா என்பது எங்கள் படிப்பகத்தில் தீராத வழக்கு. ஒரு காலத்தில் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி இலங்கை ரூபவாகினியில் மேட்ச் பார்த்த தலைமுறை, "அவன் நம்ம பயதானே" என்று சொல்லும். அன்றைக்கு ராத்திரி யாரும் அப்படிச் சொல்லவில்லை.

தேதியைக் கவனித்தீர்களா? 2003இல் ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதும் மார்ச் 23தான்.

2003ஐச் சொன்னதும்தான் என் மருமகன் குறுக்கே கேட்டான். "அப்போ அதுல ஸ்டார்ட்டிங் நல்லா இருந்துச்சா?" எங்கே இருந்தது! நெதர்லாந்தோடு தட்டுத்தடுமாறி 204. செஞ்சூரியனில் ஆஸ்திரேலியாவோடு 125க்குச் சுருண்டு 9 விக்கெட்டில் தோல்வி. அன்றைக்கும் கொடும்பாவி எரித்தார்கள், கைஃப் வீட்டுச் சுவரில் கரியைப் பூசினார்கள், பொறுமையாக இருங்கள் என்று சச்சினே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அதற்கப்புறம் வரிசையாக எட்டு வெற்றி. தொடக்கத்தில் சொதப்புவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1992இல் முதல் ஆட்டம் இங்கிலாந்தோடு 9 ரன்னில் போயிற்று, பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவோடு ஒரே ஒரு ரன்னில். 1999இல் தென்னாப்பிரிக்காவிடம் தோற்று, அடுத்து லெஸ்டரில் ஜிம்பாப்வேயோடு. சச்சின் அப்பா இறந்து அவர் ஊருக்கு வந்திருந்த நேரம். நம்ம சடகோபன் ரமேஷ் 55, ராபின் சிங் 35. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் ஹென்றி ஒலோங்கா ஒரே ஓவரில் மூன்று பேரைத் தூக்கினார். 3 ரன்னில் தோல்வி. அந்த மே மாத ராத்திரியில்தான் நான் முதல்முதலாகக் கிரிக்கெட்டுக்காக அழுதேன்.

அதிலெல்லாம் விழுந்தால் எழும்ப இடம் இருந்தது. 2003இல் ஒரு பிரிவில் ஏழு டீம், ஆளுக்கு ஆறு ஆட்டம். 2007இல் 16 டீமை நாலு நாலாகப் பிரித்து, ஆளுக்கு மூன்றே ஆட்டம் கொடுத்தார்கள். ஒரு ராத்திரி தூங்கினால் போயிற்று. பாகிஸ்தான் ஐந்தே நாளில் வெளியே. ஏப்ரல் 15 பார்படாசில் இந்தியா பாகிஸ்தான் என்று எல்லோரும் குறித்து வைத்திருந்த ஆட்டத்தை வங்கதேசமும் அயர்லாந்தும் ஆடின. அயர்லாந்து ஜெயித்தது. டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் பாவம்.

அதிலிருந்து நிர்வாகிகள் ஒரு பாடம் படித்தார்கள். பெரிய டீம் சீக்கிரம் வெளியே போனால் கல்லா காலி. அதனால் 2011இல் 14 டீம், இரண்டு பிரிவு, ஆளுக்கு ஆறு ஆட்டம் என்று ஆக்கினார்கள். 2019இல் பத்தே டீம், ஆளுக்கு ஒன்பது ஆட்டம். 2023இல் ஆஸ்திரேலியா முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றுவிட்டு, சென்னையில் நம்மிடமும் லக்னோவில் தென்னாப்பிரிக்காவிடமும் அடி வாங்கிவிட்டு, கடைசியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதை என் மருமகன் கண்ணால் பார்த்தவன். மூன்றே ஆட்டம் என்றால் அப்படித் திரும்பி வந்திருக்க முடியுமா? அதே நேரத்தில் அயர்லாந்து, பெர்முடா மாதிரி ஆட்களுக்குக் கதவு அடைபட்டது. 2007இல் பாகிஸ்தானை வீட்டுக்கு அனுப்பிய அயர்லாந்துக்கு 2019இல் இடமே இல்லை. இரண்டு முறை சாம்பியனான வெஸ்ட் இண்டீசுக்கே 2023இல் இல்லை.

என் கட்சி என்ன என்று கேட்டால், எனக்கு 2007தான் பிடிக்கும். வயிறு எரிந்தாலும் பிடிக்கும். நாலு பிரிவு, மூன்று ஆட்டம், தூங்கினால் பஸ் போய்விடும். பணக்காரன் வருகிறவரைக்கும் சாமி புறப்பாட்டை நிறுத்தி வைத்திருந்தால் அது திருவிழாவா? மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படீன்னா இந்தியா தோத்தா யாரு மாமா பாப்பா?" என்றான். நான் பார்த்தேன்லே. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இலங்கையோடு தோற்ற பின்னாலும் ஒரு பொடி வழி மிச்சம் இருந்தது. 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெர்முடா வங்கதேசத்தை ஜெயித்துவிட்டால் மூன்று டீமுக்கும் ஆளுக்கு இரண்டு புள்ளி. 257 ரன்னில் ஜெயித்த புண்ணியத்தில் ரன் ரேட் நமக்குத்தான் மேலே. வாத்தியார் மாமா சாயாக்கடைச் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிசகு இல்லை. பெர்முடா ஜெயிக்க வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர.

பெர்முடாவின் மொத்த சனத்தொகை 65 ஆயிரம் இருக்கும். அன்றைய நாகர்கோவில் நகராட்சியில் மூன்றில் ஒரு பங்கு. வடசேரியும் ஒழுகினசேரியும் கோட்டாறும் சேர்ந்து ஒரு டீமை உலகக் கோப்பைக்கு அனுப்பின மாதிரி. அந்த டீம் ஜெயிக்க வேண்டும் என்று நூறு கோடி சனம் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒரு பாட்டா தாணுமாலயன் கோயிலுக்குப் போனபோது பெர்முடாவுக்காக ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு வந்தார். பெர்முடா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் திங்கட்கிழமை வரைக்கும் அது ஒரு நிக்கர்.

அன்றைக்குப் படிப்பகத்தில் மொத்தம் ஐந்து பேர். மாமா, நான், கூட்டுக்காரன், பரீட்சைக்குப் படிக்காமல் ஓடிவந்த இரண்டு பொடியன்கள். டிரினிடாடில் மழை. தார்ப்பாய் போட்ட மைதானத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழையில் மேட்ச் நின்றுபோனால் ஆளுக்கு ஒரு புள்ளி, வங்கதேசம் மேலே போய்விடும். ஆகவே மழை நிற்க வேண்டும், பெர்முடா அடிக்க வேண்டும், லெவராக் பாய வேண்டும். "லே, இதுக்கு நம்ம ஆளுகளே ஒழுங்கா ஆடியிருக்கலாமே" என்றான் ஒரு பொடியன். மாமா அவனைப் படிக்கப் போகச் சொன்னார்.

21 ஓவராகக் குறைத்து ஆட்டம் தொடங்கியது. பெர்முடா 9 விக்கெட்டுக்கு 94. வங்கதேசத்துக்கு நடுவில் இரண்டு மூன்று விக்கெட் போனபோது மாமா நாற்காலி நுனிக்கு வந்தார், எழுபது வயதை நெருங்கிய மனிதர், எங்கேயோ ஒரு தீவுக்காரன் போடுகிற பந்துக்காக. அதற்கு மேல் விழவில்லை. 7 விக்கெட்டில் வங்கதேசம் ஜெயித்தது. கூட்டுக்காரன் மட்டும் கைதட்டினான். மாமா திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே மாமா ஆடினானுவ" என்றான். "கேப்டன்மாரு ஊரு பேரு ஒண்ணும் பாக்காம ஆடினானுவ."

மாமா ஒன்றும் சொல்லாமல் டிவியை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கோச் யாரு தெரியுமாலே, வாட்மோர். 96இல இலங்கைக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தவன். கொழும்புல பொறந்தவன்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒன்றாவது அன்றைக்கு அவரிடம் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் முதல் வாரத்தில் கோச் கிரெக் சேப்பல் விலகினார். ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசித்ததாகவும் விவியன் ரிச்சர்ட்ஸ் போனில் பேசித் தேற்றியதாகவும் சச்சின் பின்னாளில் சொன்னார். இரண்டு முட்டை வாங்கிய தோனியிடமே செப்டம்பரில் இருபது ஓவர் டீமைக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தோடு முதல் ஆட்டமே மழையில் போன அந்தத் தொடரில் கோப்பையோடு வந்தார். 2011இல் முதல் ஆட்டம் மீர்பூரில் இதே வங்கதேசத்தோடு. சேவாக் 175. எல்லாம் நல்லதாக முடிந்தது. படிப்பகத்தில் பட்டாசு போட்டோம். ஆனால் அந்த ராத்திரியில் எத்தனை பேர் இருந்தோம், யார் யார் இருந்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெர்முடா ராத்திரியின் ஐந்து பேரை வரிசையாகச் சொல்லுவேன்.

அன்றைக்கு மணக்குடிக்குப் பஸ் இல்லை. கூட்டுக்காரன் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தான். அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, ஓலை சேகரிக்க இங்கேதான் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனான்.

விடிகாலை சைக்கிள் பெல் சத்தம். வாத்தியார் மாமா. கேரியரில் ஒரு மட்டிக் குலை, பழுக்க இன்னும் இரண்டு நாள் வேண்டிய பருவம், நழுவாமல் இருக்கப் பழைய வேட்டியால் கட்டியிருந்தார். நாங்களும் பின்னாலேயே சாயாக்கடைக்கு நடந்தோம். அண்ணாச்சி அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார். குலையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். சீண்டுவார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கடை முகப்பில் கயிற்றில் தொங்கவிட்டார். சுவரில் அந்தக் கரிக்கணக்கு அப்படியே இருந்தது. ஈரத்துணியை எடுத்துத் துடைக்கப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டு, "சாயா போடட்டா வாத்தியாரே?" என்றார்.

"பழுத்ததும் ஒரு சீப்பு இந்தப் பயலுக்கு எடுத்து வையும்வே" என்று கூட்டுக்காரனைக் காட்டினார் மாமா. "மணக்குடிக்குப் போவணும்."